நான் என்ன படிக்கிறேன் என்று மாமா கேட்டதற்குப் பதில்

கிள்ளான்,
சனிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மாமா முத்துக்குமாரு அவர்களுக்கு மருமகன் கமலநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகள் லோஜினியும் சுகம். தைப்பிங்கில் தங்கள் சுகமும், மாமியின் சுகமும், மாமியின் வலது முழங்காலின் சுகமும் தனித்தனியே அறிய ஆவல். சென்ற மாதக் கடிதத்தில் தாங்கள் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிய பதினான்கு பிழைகளையும் படித்துத் தெளிந்தேன். ஒற்று மிகும் இடங்களைப் பற்றித் தாங்கள் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பை லோஜினி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அதே கடிதத்தின் அடியில் தாங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். "வேலை போன பின் நீர் கணினி படிக்கப் போவதாக அறிகிறேன். என்ன படிக்கிறீர் என்று ஒரு வரியில் எழுதவும்." முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர் கேட்டிருக்கிறார், ஒரு வரியில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். ஆறு தாள் கிழிந்தது. ஒரு வரியில் எழுதினால் அது பொய்யாக இருக்கிறது, மாமா. உண்மையை எழுதினால் நீண்டுகொண்டே போகிறது. ஆகவே நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுகிறேன். தேவையான வரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளவும். நடுநடுவே ஆங்கிலப் பெயர்கள் வரும். அவற்றைச் சுற்றி வட்டம் போட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவற்றுக்குத் தமிழ் கண்டுபிடித்தால் எனக்கே புரியாமல் போய்விடுகிறது.

பக்கத்து மேருவில் நான் இருபத்து நான்கு வருடம் மேற்பார்வையாளனாக வேலை பார்த்த பாட்டில் மூடித் தொழிற்சாலை பிப்ரவரியில் வேறு நாட்டுக்குப் போனது தாங்கள் அறிந்ததே. இயந்திரங்களை லோரியில் ஏற்றினார்கள்; எங்களை ஏற்றவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் உட்கார்ந்தவனுக்கு என்ன வேலை இருக்கிறது? காலை ஐந்து மணிக்கு எழுந்து சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போடுவேன், போட்டு முடித்த பிறகு ஞாபகம் வரும், மடித்து உள்ளே வைப்பேன். லோஜினி பல் கிளினிக்குக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலின் மூடி எத்தனை சுற்றில் இறுகுகிறது என்று பார்த்துக் கொடுப்பேன். மூன்றாவது வாரம் அவளே ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் பயிற்சி மையம் ஆறு மாதம் இலவசமாக இணையப்பக்கம் கட்டக் கற்றுக்கொடுக்கிறதாம், முடித்தவர்களுக்கு வேலைக்கும் சிபாரிசு செய்வார்களாம். நேர்முகத்துக்குப் போனேன். சொன்னதைச் சொன்னபடி செய்வீர்களா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். இருபத்து நான்கு வருடமாகச் சொன்னவனே நான்தான் என்றேன். எடுத்துக்கொண்டார்கள். இதுவரை குழப்பம் இல்லை.

குழப்பம் இந்தத் திங்கட்கிழமை தொடங்கியது. எங்களை எல்லாம் வரச்சொல்லி ஆளுக்கொரு பாரம் கொடுத்தார்கள். படிவத்தை நம் ஊரில் பாரம் என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மையத்தின் நிர்வாகி மார்க்கிரட், முப்பது வயதிருக்கும், பொறுமையான பெண், எழுந்து நின்று விளக்கினார். இணையப்பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஏதோ நடக்கிறதல்லவா, அதை நடக்க வைக்கும் மொழிக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர். தாங்கள் நினைப்பதுபோல் இது மலாய் எழுதும் ஜாவி எழுத்து அல்ல. ஜாவாத் தீவுக்கும் சம்பந்தம் இல்லை. ஜாவா என்று இன்னொரு கணினி மொழியும் இருக்கிறது. அதற்கும் இதற்கும்கூடச் சொந்தம் கிடையாதாம். இந்த மொழியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினால் ஆயுள் போதாது என்பதால், பாதி வேலையை முன்பே செய்துவைத்த சட்டகங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ஃபிரேம்வொர்க் என்று பெயர். மூடி வார்க்கும் அச்சு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். பாரத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. ரியாக்ட், ஆங்குலர், வியூ. ஒன்றில் மட்டும் டிக் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

அச்சு தவறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், மாமா. ஒரு வருடம் அரை மில்லிமீட்டர் தவறிய அச்சில் நாற்பதாயிரம் மூடிகளை வார்த்துவிட்டோம். உலகத்தில் எந்தப் பாட்டிலுக்கும் அவை பொருந்தவில்லை. சரிபார்த்தவன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான். அதனால் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். எனக்குப் பக்கத்தில், அதே தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டிய நாகையா உட்கார்ந்திருந்தார். அரை நிமிடத்தில் வியூவில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல மூணே எழுத்துண்ணே, எங்கேயும் தப்பா எழுத மாட்டேன்ல," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை மையத்தின் ஆலோசனைக் கவுண்டருக்குப் போனேன். ஜீவன் என்ற பட்டதாரி அங்கே உட்கார்ந்திருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, இந்த விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த மனிதருக்கு ஐம்பது நிமிடம் விளக்கினார். அந்த மனிதர் பாரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். என் முறை வந்தது. மூன்றில் எது நல்லது என்று கேட்டேன். நீங்கள் என்ன கட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றார். நான் என்ன கட்டலாம் என்றேன். நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றார். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கீழே பூமாலைக் கடையருகே நின்று படித்துப் பார்த்தபோதுதான், எழுதியதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

அன்று மத்தியானமே என் அக்காள் மகன் முகுந்தனை வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச்சொன்னேன். கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் இதே வேலை பார்க்கிறான். கேட்டவுடனே, ஒரு கணம்கூட யோசிக்காமல், "ரியாக்ட் எடுங்க மாமா, ஆள் கேக்குறவங்க பாதிப் பேரு அதத்தான் கேக்குறாங்க," என்றான். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. பேனாவை எடுத்து டிக் போடப் போனேன். அப்பளத்தை உடைத்துக்கொண்டே, ஆனால் ரியாக்ட் ஃபிரேம்வொர்க் இல்லை, அது வெறும் லைப்ரரி, உதிரிச் சாமான்கள் மாதிரி என்றான். பேனாவை மூடினேன். பாரத்தின் தலைப்பே ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கவும் என்றுதான் இருக்கிறது. ஃபிரேம்வொர்க்கே இல்லாத ஒன்று அங்கே முதல் கட்டத்தில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்டேன். எல்லாரும் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்கள் என்றான். அதோடு விட்டானா, இல்லை. ரியாக்ட் மட்டும் போதாது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக வேறொன்றை எடுக்க வேண்டும், தகவலைப் பிடித்துவைக்க மற்றொன்றை எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வகை உண்டு என்றான். ஒரு டிக் போட வந்தவனுக்கு இப்போது மூன்று டிக் போட வேண்டிய நிலை. சரி, அதையெல்லாம் முடித்தபின் என்ன என்று கேட்டேன். "நெக்ஸ்ட்," என்றான். அடுத்ததைச் சொல்லப் போகிறான் என்று நான் காத்திருந்தேன். அவன் ரசம் குடித்தான். நானும் கொஞ்சம் குடித்துவிட்டு, ம், நெக்ஸ்ட் என்ன என்றேன். "அதான் மாமா, நெக்ஸ்ட்," என்றான். மோர் வரும்வரை இருவரும் இப்படியே இருந்தோம். நெக்ஸ்ட் என்பது ஒரு சாமானின் பெயராம், மாமா. ரியாக்டின் மேல் போட்டு உபயோகிப்பதாம்.

வீட்டுக்கு வந்து, எனக்கு ரியாக்டாக இருக்கும்போல் தோன்றுகிறது என்று லோஜினியிடம் சொன்னேன். அவள் எங்கே அரிக்கிறது என்று கேட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகைப் பார்த்து, மத்தியானம் இறால் சாப்பிட்டீர்களா என்று விசாரித்து, ஒரு மாத்திரையும் கொடுத்துவிட்டாள். விளக்கத் தொடங்குவதற்குள் மாத்திரையை விழுங்கிவிட்டேன். அன்று மாலை முழுதும் நல்ல தூக்கம்.

புதன்கிழமை தங்கள் தம்பி மகன் சிவேந்திரனைப் பார்க்க சுபாங்குக்குப் போனேன். வங்கியில் கணினிப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருக்கிறார், தங்களுக்கு அவர்மேல் உள்ள மதிப்பு எனக்குத் தெரியும், எனக்கும் உண்டு. அவர் ஆங்குலர்தான் என்றார். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான், வங்கிகளில் ஆங்குலர்தான் ஓடுகிறது, அதில் எதை எங்கே வைப்பது என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்றார். "பெரியப்பாட அலுமாரி மாதிரி, அத்தான். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் வேண்டியது கிடைக்கும்." தங்கள் அலுமாரியை நான் பார்த்திருக்கிறேன். அது என்னைக் கவர்ந்தது. அறுநூறு பக்கத்தில் ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்து, வாசலில் நின்று, வேறு எதையாவது எடுத்தால் பெரியப்பாவிடம் நான் என்ன பதில் சொல்வது என்றும் கேட்டு அனுப்பினார்.

புத்தகத்தில் எண்பத்து நான்கு பக்கம் படித்தேன். கோடு போட்டுப் படித்தேன். ஏழெட்டு வரி புரிந்தும் விட்டது. அந்தச் சந்தோஷத்தில் முகுந்தனுக்குப் போன் செய்து புரிந்த வரிகளை வாசித்துக் காட்டினேன். அவன் புத்தகம் வெளிவந்த வருடத்தைக் கேட்டான். பிறகு, இது பழைய ஆங்குலர், இதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது இருப்பது வேறு ஆங்குலர், பெயர் மட்டும்தான் ஒன்று என்றான். சிவேந்திரனைக் கேட்டேன். இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி வைத்திருந்தாராம், அவசரத்தில் மாறிவிட்டதாம். அவர்மேல் தப்பில்லை, மாமா. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யாருக்கும் இப்படி நடக்கும். ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் நான் முதன்முதலாகப் புரிந்துகொண்ட ஏழெட்டு வரியும் செத்துப்போன ஒன்றைப் பற்றியது என்பதைத் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை நாகையா வந்தார். செந்தூலில் ஒரு புதிய அடுக்குமாடிக் கொண்டோமினியத்தில் வியூ பற்றி இலவசமாகப் பேசுகிறார்கள், வந்து கேட்டால் மனம் தெளியும் என்றார். கம்ப்யூட்டர் படிக்கக் கம்யூட்டர் இரயில் ஏறினோம். கேஎல் சென்ட்ரலில் மாறி, செந்தூலில் இறங்கி, வெயிலில் நடந்து போனால், முன்பு இரயில்வே குடியிருப்புகள் இருந்த பக்கம் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது கட்டடம். வாசல் காவலரிடம் நாகையா வியூ பார்க்க வந்திருக்கிறோம் என்றார். காவலர் மரியாதையாக மின்தூக்கிவரை வந்து முப்பத்தொன்றாவது மாடியை அழுத்திவிட்டுப் போனார். மேலே ஒரு சீனப் பெண்மணி கைகூப்பி வரவேற்று, காலணியைக் கழற்றச் சொல்லி, ஆளுக்கொரு கறிபாப் பலகாரம் கொடுத்து, எந்த வியூ வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாகையாவுக்கு இந்தத் துறையில் உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வியூ டூ காலாவதியாகிவிட்டது, படித்தால் வியூ த்ரீதான் படிக்க வேண்டும். அதனால் வியூ த்ரீ என்றார். அந்தப் பெண் ஒரு படத்தை விரித்துப் பார்த்து, வியூ த்ரீ எல்லாம் போய்விட்டது, வியூ டூவில் மூன்று இருக்கிறது, ஏரிப் பக்கம், நல்ல காற்று வரும் என்றார்.

நாகையா என் காதருகே வந்து, "அண்ணே, பழச நம்ம தலையில கட்டப் பாக்குறாங்க," என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, வியூ டூவின் காலம் முடிந்துவிட்டது என்பது உலகத்துக்கே தெரியும், அதில் புதிதாக யாரையும் சேர்ப்பது நியாயம் இல்லை என்று மலாயில் கண்டிப்பாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. கட்டி ஒரு வருடம்தான் ஆகிறது, ஒரு விரிசல்கூட இல்லை என்று சொல்லி, உள்ளே போய் மேலாளரையே அழைத்துவந்தார். மேலாளர் சுவரைத் தட்டிக் காட்டினார். நான் கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். கோலாலம்பூர் முழுதும் கீழே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இவர்கள் சொல்லும் வியூ இந்த ஜன்னல் காட்சி, விற்பது வீடு என்று எனக்கு மெல்ல விளங்கியது. கறிபாப்புக்கு நன்றி சொல்லி, நாகையாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே வந்தேன். நாங்கள் போக வேண்டிய கூட்டம் தரைத்தளத்து மண்டபத்தில் நடந்து முடிந்திருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, வியூ கற்க எளிது, ஆனால் இங்கே அதற்கு வேலை கொஞ்சம் குறைவு என்று சொன்னார். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. "ஸ்வெல்ட் பாத்தீங்களா அங்கிள்?" என்று அடுத்துக் கேட்டார். பாரத்திலேயே இல்லாத நான்காவது ஃபிரேம்வொர்க்காம் அது, நான் உடனே வெளியே வந்துவிட்டேன்.

மாமா, இதைச் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. இருபத்தாறு வருடத்துக்கு முன் லோஜினியைக் கேட்டு எங்கள் வீட்டார் தங்களிடம் வந்தபோது, பையன் என்ன படித்திருக்கிறான் என்று தாங்கள் கேட்டீர்கள். ஐந்தாம் படிவம், பள்ளிப் படிப்போடு சரி என்று என் அப்பா சொன்னார்.  ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றீர்கள். பெண்ணையும் கொடுத்தீர்கள். ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. ஆனால் இந்த முறை "என்ன படிக்கிறீர்" என்று தாங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. இந்தத் தடவையாவது தப்பில்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நான்கு நாளாக நான் அலைந்தது பாதி அதற்காகத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் இதை லோஜினியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "என்னப்பா, இருபத்து நாலு வருஷம் வீட்டுக்கு வந்து அவன் தப்பு செஞ்சான், இவன் தப்பு செஞ்சான்னுதான் சொல்லியிருக்கீங்க. எனக்குத் தெரியலன்னு நீங்க சொல்லி இந்த வாரம்தான் கேக்குறேன். எனக்கு அது பிடிச்சிருக்கு." எனக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பிடித்திருக்கிறது என்பாளோ என்று, நானும் உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வெற்றுப் பாரத்தோடு பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன். மாடி ஏறினால் கூடம் நிறைய ஆட்கள். முப்பத்தைந்து பேர் இருப்பார்கள். எல்லார் கையிலும் பாரம், எல்லாப் பாரமும் வெறுமை. ஆலோசனைக் கவுண்டரில் ஜீவனைக் காணவில்லை. மார்க்கிரட் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, இதுவரை வந்தது நான்கே பாரம், முப்பதுக்குக் குறைந்தால் வகுப்பையே ரத்து செய்துவிடுவார்கள், அப்படி ஆனால் அடுத்த வருடம்தான் என்று சொன்னார். ஐம்பதைத் தாண்டிய எங்களுக்கு அடுத்த வருடம் என்பது எவ்வளவு தூரம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

எனக்குப் பக்கத்தில் செலாயாங்கிலிருந்து வந்திருந்த இராஜம்மா என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஓட்டல் சலவைப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர். பாரத்தின் ஓரம் வியர்வையில் சுருண்டிருந்தது. நான் எதில் போட்டேன் என்று கேட்டார். இன்னும் போடவில்லை என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்களே போடலன்னா நாங்கெல்லாம் எப்படிண்ணே?" என்றார். என்னைச் சட்டை இஸ்திரியை வைத்து எடைபோட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, மாமா. உற்பத்தி வரிசை நின்றுபோனால் மேற்பார்வையாளனுக்கு யோசிக்க நேரம் கிடையாது. முதலில் வரிசையை ஓட வைக்க வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தெரிந்தவர்கள் உங்களுக்குச் சொந்தத்தில் உண்டா என்று கேட்டேன். மருமகளின் தம்பி ஆங்குலர் என்று ஏதோ சொல்வான் என்றார். கேட்டால் எரிந்து விழுவானா என்றேன். இல்லை, நல்ல பிள்ளை என்றார். "அப்ப ஆங்குலர் போடுங்கம்மா. நடுவுல மாட்டிக்கிட்டா கேக்க ஆளு இருக்குறதுதான் நமக்கு நல்லது," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், டிக் போட்டார், எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பின்னால் இருந்தவர் என் தோளைத் தட்டினார். அவருக்கு மகள் உண்டு, ரியாக்ட், ஆனால் ஜொகூரில் இருக்கிறாள். போன் எடுப்பாளா என்றேன். எடுப்பாள் என்றார். ரியாக்ட். அடுத்தவருக்கு யாருமே இல்லை. கிள்ளானா என்றேன், ஆம் என்றார். வியூ போடுங்கள், எங்கள் நாகையா அந்த வகுப்பில்தான் இருக்கிறார், இரண்டு பேரும் ஒன்றாகக் கம்யூட்டரில் போகலாம் என்றேன். நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். ஜீவன் சொன்னது எதுவும் என் வாயில் வரவில்லை, எனக்குத்தான் அது புரியவே இல்லையே. நாலே முக்கால் மணிக்கு மார்க்கிரட் எண்ணிப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பாரம். மிச்சம் இருந்தது என்னுடையது ஒன்றுதான்.

நான் மற்றவர்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். யாரிடம் கேட்கலாம்? இங்கே நான் மறைக்காமல் எழுதுகிறேன், தாங்கள் வருத்தப்படக் கூடாது. சிவேந்திரன் அறிவாளி. ஆனால் அவரைப் போனில் அழைத்தால் கூட்டத்தில் இருக்கிறேன் என்று செய்தி வரும், மறுநாளும் அதே கூட்டம் நடந்துகொண்டிருக்கும். முகுந்தன் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவான். நெக்ஸ்ட் என்று சொல்லிக் குழப்பினாலும், குழப்பத்தோடு என்னை விட்டுவிட்டுப் போக மாட்டான், மோர் வரும்வரை உட்கார்ந்திருப்பான். முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.  மார்க்கிரட் பாரத்தை வாங்கி, நேரத்தை எழுதி, முத்திரை குத்தினார்.

ஆகவே மாமா, தாங்கள் கேட்ட ஒரு வரி இதுதான்: நான் ரியாக்ட் படிக்கிறேன்.

இதை எழுதியபின் மனம் இலேசாக இருக்கிறது. சிவேந்திரனிடம் இந்தச் செய்தியைத் தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் புத்தகத்தை அட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பேன், எண்பத்து நான்கு பக்கத்துக் கோடுகளையும் அழித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பு தொடங்கும் நாளில் எங்களை நினைத்து வாழ்த்தவும். மாமிக்கு என் வணக்கம். தைப்பிங் மழையில் தாங்கள் குடையில்லாமல் நடக்கப் போவதாகக் கேள்வி, அதை நிறுத்தும்படி லோஜினி சொல்லச் சொன்னாள். பெரியவர்கள் ஆசி என்றும் எங்கள்மேல் இருக்கட்டும்.

தங்கள் அன்பு மருமகன்,
கமலநாதன்.

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது மார்க்கிரட் அழைத்ததால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஜீவனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை அவர் வராத காரணம் அதுதான். அவருடைய கவுண்டரில் என்னை உட்காரச் சொல்கிறார்கள், சம்பளத்தோடு. மையத்தில் வேலை பார்ப்பவர் அங்கே மாணவராக இருக்கக் கூடாது என்று விதி இருப்பதால் என் இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் இருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனவே நான் ரியாக்ட் படிக்கவில்லை. வேறு எதையும் படிக்கவில்லை. மேலே உள்ள அந்த ஒரு வரியைத் தாங்கள் சிவப்பு மையால் அடித்துவிடலாம். எந்த ஃபிரேம்வொர்க் நல்லதென்று எனக்கு இன்னமும் தெரியாதே அம்மா என்று மார்க்கிரட்டிடம் நான் உள்ளதைச் சொன்னேன். "தெரிஞ்சவருதான் அங்கிள் அங்க நாலு நாளா உக்காந்திருந்தாரு. நாலு பாரம்தான் வந்துச்சு," என்றார். லோஜினிக்குப் போனில் சொன்னேன். கிளினிக்கில் பல் பிடுங்க வந்தவர்கள் முன்னால் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாமா என்று தாங்கள் ஒருமுறை அவளைக் கேட்க வேண்டும். கவுண்டரில் 'ஆலோசகர்' என்று என் பெயருக்குக் கீழே எழுதி வைத்துவிட்டார்களாம். தங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது எதைப் படிப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தால், நாளை முதல், காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் என்னிடம் அனுப்பவும்.